தூக்கத் தகுதி

உறக்கத்தில் தன் மூச்சு நிற்கிறது என்பது தங்கையனுக்குத் தெரியாது. மனைவி ஓமனாவுக்குத் தெரியும். ஆறு வருடங்களாக அவள்தான் அதை மறுபடி ஓட வைத்துக்கொண்டிருந்தாள். குறட்டை சட்டென்று நின்றதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குவாள். இருபது வரை பொறுப்பாள். பிறகு முழங்கையால் விலாவில் ஒரு இடி. அவர் குளத்தில் முங்கி எழுந்தவரைப் போல ஒரு இழுப்பு இழுத்து, திரும்பவும் குறட்டைக்குள் போய்விடுவார். காலையில் விலா வலிக்கிறது என்பார். குனிந்து வெட்டினால் வலிக்கத்தான் செய்யும் என்பாள் ஓமனா.

தங்கையன் ரப்பர் பால் வெட்டுகிறவர். திருவட்டாறுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் முன்னூற்று எண்பது மரங்கள் அவருக்கு. வயது ஐம்பத்திரண்டு, எடை ஐம்பத்தாறு கிலோ. தை மாதத்தில் ஒரு நாள் மரத்தடியில் தலை சுற்றி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷெர்லி நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயம் தாளம் தப்பி அடித்தது. உறங்கும்போது இவருக்கு மூச்சு நிற்குமா என்று ஓமனாவிடம் கேட்டார். ஓமனா தன் முழங்கையைக் காட்டினாள். அது காய்த்துப்போயிருந்தது.

உடம்பில் வயர்கள் ஒட்டி ஒரு நாள் உறங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றது. தடித்தவர்களுக்குத்தான் இது வரும் என்றில்லை, இவருக்குத் தாடை சிறிது, தொண்டை ஒடுக்கம் என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவை மூச்சு அடைபடும்போதும் இதயம் பயந்து ஓடுகிறது, ஓடி ஓடி அது களைத்துவிட்டது. சாயங்காலக் குடி வேண்டாம், அது தொண்டையை இன்னும் தொளதொளப்பாக்கும். பீடி வேண்டாம். மல்லாந்து படுக்க வேண்டாம். உப்பு குறைய வேண்டும். இதெல்லாம் துணைக்கு. முக்கியமானது மூக்கில் மாட்டும் மெஷின். அது காற்றை அழுத்தித் தரும், தொண்டை மூடாது.

“அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால இது இவருக்கு வேணும்,” என்றார். “நான் பயமுறுத்தல்ல. கணக்குதான் சொல்லுதேன்.”

குடியையும் பீடியையும் தங்கையன் அன்றைக்கே விட்டார். மெஷின் ஆஸ்பத்திரியில் இல்லை. அது நாகர்கோவிலில் மாவட்டத் தூக்க–இதய நல வாழ்வியல் மன்றத்தில் இருந்தது. பதினோரு மெஷின்கள். தேவைப்படுகிறவர்களுக்குக் கடனாகக் கொடுப்பதற்காகவே வாங்கி வைத்தவை.

மன்றத்தின் கதை நடந்தது ஒரு சொல்லால். ஆகவே அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிட வேண்டும். தங்கையனின் ஊர்ப்பக்கம் மனிதர்கள் உறங்குவார்கள். அது உறக்கம். தூக்கம் என்பது வேறு. பங்குனி பரணிக்கு அம்மன் கோயிலில், உயரமான மர வில்லில் தொங்கிக்கொண்டு, பெற்றோர் வேண்டிக்கொண்ட நேர்ச்சைப் பிள்ளையைக் கையில் ஏந்தி, ஒருவர் கோயிலைச் சுற்றி வருவார். அதுதான் தூக்கம். தொங்குகிறவர் தூக்கக்காரர். சினிமாவிலும் பாடப் புத்தகத்திலும் தூக்கம் என்றால் உறக்கம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சினிமாவும் பாடப் புத்தகமும் யாரையும் மேசைக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

தங்கையன் மன்றத்துக்குப் போனது மாசி முதல் வாரத்தில். இலை உதிர்கிற காலம், வெட்டு இல்லை. மேசையில் ஷிஜி என்ற பெண் இருந்தாள். பூதப்பாண்டிக்காரி, வேகமாக எழுதுவாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சுவரில் பரணித் தூக்கத் திருவிழாவின் போஸ்டர், வில்லும் தேருமாக, கண் முன்னால் நின்றது.

ஷிஜி படிவத்தின் முதல் கேள்வியைப் படித்தாள். “தூக்கம் உண்டா?”

தங்கையன் போஸ்டரிலிருந்து கண்ணை எடுத்தார். “எங்களுக்கு இல்ல. மச்சினன் வீட்டுக்கு உண்டு. போன வருசம் மூத்த பிள்ளைக்கு நடத்தினாவ.”

மச்சினன் வீட்டு விவரத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை. ஷிஜி ‘இல்லை’ என்று எழுதினாள். எப்போதிலிருந்து இல்லை என்பது இரண்டாம் கேள்வி. அப்பா காலத்திலிருந்தே தங்கள் குடும்பத்தில் கிடையாது என்றார் அவர். அவள் ‘பரம்பரை’ என்று எழுதினாள். அதனால் மனவருத்தம் உண்டா? அதில் என்ன வருத்தம், ஆசைப்பட்டால் மச்சினன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்றார். ‘வருத்தம் இல்லை. தேவையானபோது உறவினர் வீட்டில்.’

முதல் கேள்விக்கு இல்லை என்றவர்கள் மூன்றாம் கேள்வியிலிருந்து முப்பத்தொன்பதாம் கேள்விக்குத் தாவ வேண்டும் என்று படிவத்தில் அச்சிட்டிருந்தது. மூச்சு நிற்குமா என்பது பதினான்காம் கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை. முப்பத்தொன்பதாவது, சொந்தக் கழிப்பறை உண்டா என்பது. உண்டு என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார்.

பத்து நாள் கழித்துச் செயலாளர் தேவகுமாரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஓமனாவும் கூடப் போனாள். தேவகுமாரின் மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் பதினோரு பெட்டிகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது.

தேவகுமார் மென்மையாகப் பேசுகிறவர். தூக்கமே இல்லாதவருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்க வழியில்லை என்பதைத் தங்கையனுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். மூச்சு நிற்க வேண்டுமானால் முதலில் தூக்கம் வேண்டும். அது கோப்பில் இல்லை.

தங்கையன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். தான் சொன்னது கோயில் தூக்கத்தை என்றும், தனக்கு உறக்கம் நன்றாக உண்டு என்றும், அதில்தான் மூச்சு நிற்கிறது என்றும் சொன்னார்.

“உறக்கம்,” என்றார் தேவகுமார். அந்தச் சொல்லை முகர்ந்து பார்ப்பவரைப் போலச் சற்று நிறுத்தினார். “நல்ல சொல். என் தாயார்கூடச் சொல்வார். ஆனால் பாருங்கள், அரசாணையில் உறக்கம் இல்லை. தூக்கம்தான் இருக்கிறது. அரசாணையில் இல்லாத ஒன்றில் உங்களுக்கு மூச்சு நின்றால் மன்றம் எப்படிப் பொறுப்பேற்க முடியும்?”

ரெண்டும் ஒன்றுதானே சாரே என்றாள் ஓமனா.

“உங்களுக்கு ஒன்று. எனக்கும் ஒன்று. கோப்புக்கு இரண்டு.”

திருத்தம் செய்ய வழி இருக்கிறதா என்று கேட்டார் தங்கையன். இருக்கிறது. மனுதாரருக்குத் தூக்கம் உண்டு என்று கிராம நிர்வாக அலுவலர் சான்றளிக்க வேண்டும். அதற்கிடையில் மன்றத்தின் வாழ்வியல் பழக்கப் பயிற்சியையும் முடித்துவிட்டால் காலம் மிச்சம். முப்பது நாள். போதுமான நேரம் தூங்குவது எப்படி என்ற வகுப்பு காலை ஐந்தரைக்குத் தொடங்கும். திருவட்டாறிலிருந்து வருகிறவர்கள் மூன்றரைக்கு எழுந்தால் வந்துவிடலாம்.

தங்கையன் எழுந்தார். பால் வெட்டுகிறவருக்கு அது கஷ்டமில்லை. ஆனால் பயிற்சியில் அவரால் தேற முடியவில்லை. பத்து சதவீத எடையைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். ஐம்பத்தாறிலிருந்து ஐந்தரை கிலோ போனால் சட்டை ஆணியில் தொங்குவதைப் போல இருக்கும் என்றாள் ஓமனா. முதலில் பத்து கிலோ ஏற்றிக்கொண்டு பிறகு குறைக்கலாம், விதிகளில் அதற்குத் தடையில்லை என்றார் பயிற்சியாளர். நடைப்பயிற்சி உண்டா என்று கேட்டார்கள். முன்னூற்று எண்பது மரத்தையும் வெட்ட ஒரு சுற்று, பால் எடுக்க ஒரு சுற்று, மேடும் பள்ளமுமாக என்றார் தங்கையன். அது வேலை என்றார் பயிற்சியாளர். நடை என்பது எங்கும் போய்ச் சேராமல் நடப்பது. ஆகவே அவர் மூன்றரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி நாகர்கோவிலுக்கு வந்து, மன்றத்தின் முற்றத்தை அரைமணி நேரம் சுற்றினார்.

கைவிட்ட தீய பழக்கங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. குடியும் பீடியும் விட்டதை அவர் சொன்னார். எப்போது என்று கேட்டார்கள். தை இருபத்தொன்று. பதிவு செய்தது மாசியில். இதைத் தீர்க்கத் தேவகுமாரே வர வேண்டியதாயிற்று.

“பதிவுக்கு முன்னால் விட்ட பழக்கம் மன்றத்தின் சாதனையில் சேராது,” என்றார். “நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். எங்களைக் கேட்டிருக்கலாம்.”

இப்போது என்ன செய்ய என்று தங்கையன் கேட்டார்.

“நான் குடிக்கச் சொல்லவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் குடித்தால், நிறுத்துவதற்கு மன்றம் துணை நிற்கும். அவ்வளவுதான் சொல்கிறேன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஓமனா, அந்தச் செயலாளருக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தால் நல்லது என்றாள். தங்கையன் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. பங்குனி பிறந்தபோது அவருடைய கணுக்கால்கள் வீங்கியிருந்தன. ஓமனா இப்போது பதினைந்திலேயே இடிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு தடவை அவள் களைப்பில் கண் அயர்ந்துவிட்டு, விழித்துப் பார்க்கையில் பக்கத்தில் சத்தமே இல்லை. எத்தனை ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அதன்பிறகு அவள் படுக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஷெர்லி மன்றத்துக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதினார். அது ஆங்கிலத்தில் இருந்ததால் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. மொழிபெயர்ப்புப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் மன்றத்தின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ‘மேற்படியாருக்குத் தூக்கம் உண்டு என்பதற்குச் சான்று அளிக்கவும்.’ பரணிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தூக்கத்துக்குத் தான் சான்று கொடுப்பதில்லை, கோயில் கமிட்டியில் வாங்கி வந்தால் சீல் வைத்துத் தருகிறேன் என்றார். இது உறக்க விஷயம் என்று தங்கையன் சொல்லிப் பார்த்தார். இருக்கலாம், ஆனால் கடிதத்தில் தூக்கம் என்றுதானே எழுதியிருக்கிறது, பெரிய ஆபீஸ்காரர்கள் தெரியாமல் எழுதுவார்களா என்றார் அலுவலர்.

இந்த விஷயத்தைக் கேட்டுச் சிரித்தவர் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு காரியம் செய்யும் என்றார். தூக்கக்காரர்களுக்கு உடல் தகுதி பார்க்க அரசாங்க டாக்டர் வந்திருந்தார். வில்லில் தொங்குகிறவன் கையில் குழந்தை இருக்கும். யாரையும் அப்படியே ஏற்றிவிட முடியாது. “நீரும் வரிசையில நில்லும் மக்கா. ஒமக்குத் தூக்கம்னு எழுதி ஒரு சீட்டு கெடச்சாப் போராதா?”

தங்கையன் வரிசையில் நின்றார். முன்னாலும் பின்னாலும் விரதம் இருக்கிற திடகாத்திரமான இளைஞர்கள். டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் செலவிட்டார். தங்கையன் நெஞ்சில் குழாயை வைத்தவர் ஐந்து நிமிடம் ஆகியும் அதை எடுக்கவில்லை. பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, யார் உம்மை அனுப்பினது என்று கோபமாகக் கேட்டார். சீட்டில் எழுதினார்: ‘இதயத் துடிப்பு ஒழுங்கற்றது. கால் வீக்கம் உண்டு. தூக்கத்திற்குத் தகுதியற்றவர்.’ கையெழுத்து, தேதி, முத்திரை.

இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று தங்கையன் நினைத்தார். இதயம் என்று இருக்கிறது, தூக்கம் என்று இருக்கிறது, அரசாங்க முத்திரையும் இருக்கிறது. மன்றத்தில் கொடுத்தார். தேர்வுக் குழு கூடியது. குழுவின் முடிவு பங்குனிக் கடைசியில் பதிவுத் தபாலில் வந்தது. ஓமனா நின்றுகொண்டே வாசித்தாள்.

‘மனுதாரர் தூக்கத்திற்குத் தகுதியற்றவர் என அரசு மருத்துவரால் சான்றளிக்கப்பட்டுள்ளார். தூக்கத்திற்கே தகுதியற்ற ஒருவருக்குத் தூக்கத்தில் பயன்படும் கருவியை வழங்குவது விதிமீறலாகும். மனு நிராகரிக்கப்படுகிறது. மனுதாரர் தமது இதய நலன் கருதித் தூக்கத்தை அறவே தவிர்க்குமாறு மன்றம் அன்புடன் அறிவுறுத்துகிறது.’

“உறங்கப்பிடாதாம்,” என்றாள்.

“எப்பம் வரைக்கும்?” என்று கேட்டார் தங்கையன்.

சித்திரையில் மன்றத்தின் மூன்றாம் ஆண்டு விழா. சென்னையிலிருந்து இயக்குநர் வருகிறார், அவரிடம் நேரில் மனுக் கொடுக்கலாம் என்று ஷிஜி போனில் சொன்னாள். தன் கையெழுத்தில் எழுதிய ‘இல்லை’ ஒன்று இவ்வளவு தூரம் நடந்துபோனதை அவள் கோப்பில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருவரும் போனார்கள். தங்கையனால் மன்றத்தின் ஆறு படிகளையும் ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. நடுவில் நின்றார்.

மேடையில் குத்துவிளக்கு, ஏழு நாற்காலி, ஒரு கட்டில். கட்டில் செயல்விளக்கத்துக்கு. தேவகுமார் ஆண்டறிக்கை வாசித்தார்.

“இந்த மூன்று ஆண்டுகளில் நமது பதினோரு கருவிகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு முகமூடியில்கூட யாருடைய மூச்சும் படவில்லை. மற்ற மாவட்டங்களில் நிலைமை என்ன? கொடுத்தார்கள். கொடுத்தவை எங்கே? வீடுகளில் கிடக்கின்றன. நம்மிடம் நானூற்று ஆறு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர்கூடத் தவறாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இவர்களில் எழுபத்து மூன்று பேர், பரிசீலனைக் காலத்திலேயே, கருவியின் தேவையைக் கடந்து போய்விட்டார்கள். அவர்களில் இருவர் வீட்டுக்கு நானே மாலையோடு போனேன். குடும்பத்தார் மன்றத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பேசும் நிலையிலேயே அவர்கள் இல்லை. அந்த அளவுக்கு நம்மீது மரியாதை.”

கை தட்டினார்கள். தங்கையனும் தட்டினார், எல்லோரும் தட்டுவதால். ஓமனா தட்டவில்லை.

இயக்குநர் கருவி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு பெட்டியைப் பிரித்தார்கள். அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. மன்றத்தின் வரலாற்றில் தகுதி பெற்ற நோயாளி ஒருவர்கூட இல்லாததால், முகமூடியை மாட்டிக்கொள்ள ஆள் இல்லை. தேவகுமார் ஊழியர்களைப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை. ஷிஜி முன்வரிசைக்குப் பின்னால் இருந்த தங்கையனைக் கைகாட்டினாள். இருப்புப் பதிவேட்டில் ஒரு கருவி அவருக்குக் கொடுத்ததாக ஒரு வரி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, மேடைக்கு அழைத்துப் போனாள். கட்டிலில் படுக்க வைத்தாள். முகமூடியை மூக்கில் வைத்து வாரை இழுத்துக் கட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

காற்று வந்தது. தங்கையன் முதலில் திகைத்தார். கையைத் தூக்கினார், ஏதோ சொல்லப் போகிறவரைப் போல. பிறகு கை தானாகக் கீழே இறங்கியது. உறங்கிவிட்டார்.

ஓமனா மேடையேறி, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பழக்கத்தில் எண்ணத் தயாரானாள். குறட்டை இல்லை. நெஞ்சு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. எண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒரு கோடு போயிருந்தது. அப்படி ஒரு கோடு இருந்தது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

படம் எடுத்தார்கள். அடுத்து, மன்றத்தின் பாடலுக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். தேவகுமார் ஷிஜியைப் பார்த்துக் கண்ணால் காட்டினார். ஷிஜி முகமூடியின் அருகே கையைக் கொண்டுபோனாள்.

“தொடாண்டாம்,” என்றாள் ஓமனா. சத்தமாகச் சொல்லவில்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். “தூங்கிவிட்டாரா?”

தேவகுமாருக்கு வேர்த்தது. தகுதியற்றவர் என்று தான் கையெழுத்திட்டு நிராகரித்த மனிதர், இயக்குநர் முன்னால் தூங்கிக்கொண்டிருக்கிறார். “இல்லை சார். இவருக்குத் தூக்கம் கிடையாது. பரம்பரையாகவே கிடையாது. கோப்பில் இருக்கிறது.”

“பின்னே என்ன செய்கிறார்?”

தேவகுமார் கோப்பைத் திறந்தார். ஓமனா சொன்னாள்: “உறங்குதாரு சாரே. அதுக்கும் ஒங்க புக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது ஒங்க ஆர்டர்ல இல்லாத காரியம். நீங்க ஒங்க பாட்டைப் படியுங்கோ.”

இயக்குநர் கோப்பை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். சீராக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பாட்டுப் பாடினார்கள். நன்றியுரை முடிந்தது. இயக்குநருக்கு ரயில். ஓமனா நீட்டிய மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுத்து, உதவியாளர் அதை நாற்காலியில் வைத்து, இருவரும் போனார்கள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கினார்கள். தங்கையன் உறங்கினார்.

நாலரைக்கு அவரே கண் விழித்தார். யாரும் இடிக்காமல் விழிப்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. முகமூடியைக் கழற்றி, “நேரம் வெளுத்தா?” என்று ஓமனாவிடம் கேட்டார். சாயங்காலம் என்றாள். எழுந்து நின்றார். தலை சுற்றவில்லை. யாரோ சுமையை இறக்கி வாங்கிக்கொண்டதைப் போல இருந்தது.

தேவகுமார் ஒரு காகிதத்தோடு காத்திருந்தார். கருவியை அறையில் வைத்துப் பூட்ட வேண்டும், அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு நோயாளியின் கையெழுத்து வேண்டும். தங்கையன் பேனாவை வாங்கினார். இதுவரை மன்றம் நீட்டிய எல்லாக் காகிதத்திலும் வாசிக்காமல் போட்டவர், இன்று நன்றாக உறங்கி எழுந்திருந்ததால் வாசித்தார். ‘தூக்கத்தில் பயன்படுத்திய கருவியை நல்ல நிலையில் திரும்ப ஒப்படைக்கிறேன்.’

பேனாவை மூடினார்.

“இதுல நான் ஒப்புப் போடப்பிடாது சாரே.”

ஏன் என்றார் தேவகுமார்.

“எனக்குத் தூக்கம் கெடயாது. நீங்க எழுதித் தந்தது எனக்க வீட்டுல இருக்கு. இப்பம் தூக்கத்துல பயன்படுத்தினேன்னு ஒப்புப் போட்டா, அது கள்ளம். பின்னே ஒங்களுக்குத்தான் கேடு.”

அவர் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே தேவகுமாருக்காகக் கவலைப்பட்டார். தேவகுமார் அவர் முகத்தில் தேடிப் பார்த்தார், கிண்டல் கிடைக்கவில்லை. அப்படியானால் தூக்கத்தை அடித்துவிட்டு உறக்கம் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார்.

“உறக்கம் அரசாணையில இல்ல சார்,” என்றாள் ஷிஜி. பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

தேவகுமார் யோசித்தார். தானே கையெழுத்துப் போட்டால் தானே நோயாளி ஆவார். கையெழுத்து இல்லாமல் அறைக்குள் வைத்தால், திரும்பி வராத கருவி ஒன்று அறையில் இருக்கும். தணிக்கைக்காரர்கள் வரும்போது பதினொன்றுக்குப் பதில் பத்து இருப்பதற்கு விளக்கம் எழுதலாம், இயக்குநர் முன்னிலையில் கொடுத்தது என்று காட்டலாம். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தால் விளக்கமே கிடையாது. பணி ஓய்வுக்கு அவருக்கு ஒன்பது மாதம் இருந்தது.

“காகிதம் இல்லாத பொருள் மன்றத்துக்குள் இருக்கக் கூடாது,” என்றார். தங்கையனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “இதை உடனே வெளியே கொண்டு போங்கள்.”

ஓமனா முகமூடியைச் சுருட்டிக் குழாயோடு பெட்டிக்குள் வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறு படியும் இறங்கினாள். தங்கையன் பின்னால் இறங்கினார், நடுவில் நிற்காமல்.

வெளியே என்றால் எதுவரை என்று தேவகுமார் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ரோட்டில் திருவட்டாறு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.